தாய்மாமன் ‘நாய்மாமன்’ ஆன கதை: எழுத்துருவை மாத்திப் படிச்சா பிழை கண்ணுல படுமா?

திருமங்கலத்து மாமன் கேட்டது:

எல்லாருக்கும் வணக்கம். திருமங்கலம் பஸ் ஸ்டாண்டுப் பக்கம் ஜெராக்ஸ், டிடிபி கடை வச்சுருக்கேன். பதினாலு வருசமாச்சு. பத்திரிகை, நோட்டீஸ், கண்ணீர் அஞ்சலி, பயோடேட்டா, மனு எல்லாம் அடிச்சுக் குடுக்குறது. அடுத்தவுக எழுதிட்டு வர்றதுல ஒரு ஒற்று விட்டுப்போயிருந்தாலும் கண்ணுல குத்தும். நானா அடிச்சதுல மட்டும் யானையே நின்னாலும் தெரிய மாட்டேங்குது.

போன தையில எங்க அக்கா பிள்ளைகளுக்குக் காதணி விழா. அக்காவைக் குடுத்தது உசிலம்பட்டிப் பக்கம். நான் ஒரே தம்பி. தாய்மாமன் சீருங்கிறது எங்க பக்கம் எவ்வளவு பெரிய கெளரவம்னு மதுரைக்காரவுகளுக்குச் சொல்ல வேண்டியதில்ல. கெடா, அண்டா, பட்டு, தங்கம்னு கடனை வாங்கியாவது நிமிந்து நிக்கணும். பத்திரிகையை நானே அடிக்கிறேன்னு சொன்னேன். வெளியில குடுத்தா மரியாதையா இருக்குமா?

உள்ள மட்டும் நூத்திச் சொச்சம் பேரு. சித்தப்பா பெரியப்பா வகையறா, பங்காளி வகையறா, நண்பர்கள் வட்டம். ஒரு பேரு விட்டுப்போனா விழாவுக்கே வர மாட்டாக. அதனால பேரையெல்லாம் நாலு தடவை ஒப்பிட்டுப் பார்த்தேன். மொத்தப் பத்திரிகையையும் பத்துத் தடவைக்கு மேல படிச்சேன். எழுநூறு அடிச்சு வந்துருச்சு.

அக்கா மாமனாருக்குத் திண்ணையில உக்காந்து எழுத்துக் கூட்டி, விரல் வச்சுத்தான் படிக்கத் தெரியும். முதல் பத்திரிகையை அவர் கையில குடுத்தோம். எம் போட்டோவுக்கு மேல, பெரிய எழுத்துல, செகப்புல இருந்ததைப் படிச்சாரு. “நா… ய்… மா… மன்.” நிமிந்து என்னையப் பார்த்தாரு. திருப்பியும் படிச்சாரு.

நான் தமிழ்99 விசைப்பலகை முறையில அடிக்கிறவன். அதுல த-வும் ந-வும் பக்கத்துப் பக்கத்துச் சாவி. மோதிர விரல் தட்ட வேண்டியதுக்குப் பதிலா சுண்டு விரல் தட்டிருச்சு, அவ்வளவுதான். பிழைதிருத்தியில போட்டாலும் பிடிச்சிருக்குமான்னு சந்தேகம். நாயும் நல்ல தமிழ்ச் சொல்லு, மாமனும் நல்ல தமிழ்ச் சொல்லு.

ரெண்டு ராத்திரி ‘தாய்மாமன்’னு சின்ன ஸ்டிக்கர் அடிச்சு எழுநூறுலயும் நானும் எம் பொண்டாட்டியும் ஒட்டுனோம். அதுக்கு ஒட்டாமலே விட்டிருக்கலாம். ஸ்டிக்கர் இருக்கவும் அடியில என்ன இருக்குன்னு உரிச்சுப் பார்க்காத ஆளே ஊருல இல்ல.

இப்பக் கேள்விக்கு வர்றேன். எங்க அண்ணன் மக காலேஜ்ல படிக்குது. “சித்தப்பா, நீங்க எப்பவும் லதா எழுத்துருவுலயே அடிச்சு அதுலயே படிக்கிறீங்க. படிக்கையில மட்டும் வேற எழுத்துருவுக்கு மாத்திட்டுப் படிங்க”ன்னுச்சு. கேலி பண்ணுதுன்னு நெனச்சேன். சும்மா பார்ப்போமேன்னு அதே பத்திரிகைக் கோப்பைக் கவிவாணர்ங்கிற சாஞ்ச எழுத்துருவுல போட்டு ஏ4 தாளுல எடுத்தேன். ஒரு டீ குடிச்சு முடிக்கிறதுக்குள்ள இன்னும் ரெண்டு ஆப்டுச்சு: ‘விழாவிற்க்கு’, ‘நட்ப்பும்’. எழுநூறு பேரு வீட்டுலயும் இந்நேரம் அது கெடக்கு.

இது எழுத்துரு செஞ்ச வேலையா, இல்ல நாள் கழிச்சுப் பார்த்ததால தெரிஞ்சதா? தமிழுக்குன்னு இந்த வேலைக்கு நல்ல எழுத்துரு எது? யாராச்சும் பழக்கமா இப்படிச் செய்றீகளா? கஸ்டமர் நெஞ்சுக்கு நேரா நின்னுக்கிட்டு “இப்பவே வேணும்ணே”ம்பாக. நாலு நாள் ஆறப்போட்டுப் படிக்கிற தொழில் இல்ல இது.

மெய்ப்பு டீச்சர்:

தம்பி, உங்கள் பதிவைப் படித்துவிட்டுச் சிரித்தேன், மன்னிக்கவும். அந்த மாமனார் மட்டும்தான் பத்திரிகையை உண்மையாகப் படித்திருக்கிறார். உங்கள் கண் படிக்கவில்லை. அங்கே ‘தாய்மாமன்’ இருக்க வேண்டும் என்பது உங்களுக்குத் தெரியும், தெரிந்ததையே கண் பார்த்துக்கொண்டது. பெரியவருக்கு எழுத்துக் கூட்டினால்தான் சொல் வரும் என்பதால் அவரை ஏமாற்ற முடியவில்லை.

நான் முப்பத்தோரு வருடம் தமிழ் ஆசிரியை. ஒரே கட்டுரையை நாற்பது பிள்ளைகள் நாற்பது கையெழுத்தில் எழுதித் தருவார்கள். அத்தனையிலும் பிழை பளிச்சென்று தெரியும். நானே எழுதித் தட்டச்சுக்குக் கொடுத்த வினாத்தாளில் மட்டும் தேர்வு அன்று காலையில் ஏதாவது ஒன்று முளைக்கும். பணி ஓய்வுக்குப் பிறகு, பழைய நூல்களை இணையத்தில் ஏற்றுகிற தமிழ் விக்கிமூலத்தில் மெய்ப்பு (புரூஃப்) பார்க்கிறேன். அங்கே ஒருவர் பார்த்து முடித்தால் பக்கம் மஞ்சளாகும். பச்சையாக வேண்டுமானால் வேறொருவர் பார்க்க வேண்டும், அதே ஆள் இரண்டாம் முறை பார்த்தால் செல்லாது. அந்த விதி எனக்கு ரொம்பப் பிடிக்கும். உங்களுக்கு அந்த வேறொருவர் இல்லை, அதனால் எழுத்துருவை மாற்றி உங்களையே கொஞ்சம் வேற்றாளாக்குகிறீர்கள். நானும் செய்கிறேன், பலன் உண்டு.

பாதிப் பலன் எழுத்தின் வடிவத்தால் என்றால் மீதிப் பாதி வரி உடைவதால். எழுத்துரு மாறினால் சொல்லின் அகலம் மாறும், வரிக் கடைசியில் பதுங்கியிருந்த சொல் அடுத்த வரியின் தொடக்கத்துக்கு வந்து நிற்கும். எழுத்துருவோடு பத்தியின் அகலத்தையும் மாற்றிவிடுங்கள். நான் ஒரு வரிக்கு நாலைந்து சொல் வருகிற மாதிரிக் குறுக்கிவிடுவேன்.

எந்த எழுத்துரு என்றால், எந்தப் பிழையைத் தேடுகிறீர்கள் என்பதைப் பொறுத்தது. ஒற்றைக்கொம்பு இரட்டைக்கொம்பு மாறியிருக்கிறதா என்று பார்க்க, மேல் சுழி தெளிவாகத் தெரிகிற எழுத்துரு வேண்டும். அந்தச் சுழியே நம் பக்கத்துக் கதைதான். மதுரை மிஷனுக்கு வந்த வீரமாமுனிவர் (1680–1747) செய்த திருத்தம் என்று சொல்வார்கள். அதற்கு முன் எ, ஒ குறிலாக வந்தால் மேலே புள்ளி வைப்பார்கள், தொல்காப்பியத்திலேயே அந்த விதி இருக்கிறது. ஓலையில் புள்ளி வைத்தால் கிழியும் என்று அதையும் விட்டுவிடுவார்கள். அந்தக் காலத்தில் மெய்ப்பு பார்ப்பதை நினைத்தாலே தலை சுற்றுகிறது.

அடுத்தது, ஒன்றுபோலவே தெரிகிற ர-வும் துணைக்காலும். ஸ்கேன் செய்த பக்கங்களை எழுத்துணரி (ஓசிஆர்) மென்பொருள் படித்துக் கொடுக்கும்போது எங்களுக்கு முக்கால்வாசித் தொல்லை இதில்தான். ர-வின் கீழ் வால் நீளமாக இருக்கிற எழுத்துருவில் பார்த்தால் வேலை பாதியாகும்.

என் பழக்கம் அரிமா மதுரை. முனை மழுங்கிய, எழுதுகோலால் எழுதினது மாதிரி இருக்கும். இப்போது வெறும் ‘அரிமா’ என்றும் கிடைக்கிறது. இலவசம்தான். ஹிந்த் மதுரை என்று இன்னொன்று உண்டு, ரொம்ப ஒழுங்காக இருப்பதால் நம் காரியத்துக்கு ஆகாது, கண் வழுக்கிக்கொண்டு போய்விடும். காய்னி குண்டு குண்டாக இருக்கும், தலைப்புகளை மட்டும் அதில் பார்ப்பேன். எழுத்துருவுக்கு மதுரை என்று பேர். 1998 பொங்கலில் ஆரம்பித்த இலக்கிய மின்தொகுப்புக்கும் மதுரைத் திட்டம் என்று பேர். மதுரைக்காரர்கள்தான் லதாவை விட்டு நகர மாட்டேன் என்கிறோம்.

சந்திப் பிழைக்கு எழுத்துரு உதவாது. வலி மிகுமா மிகாதா என்று தெரியாதவருக்கு எந்த வடிவத்தில் காட்டினாலும் தெரியாதுதானே. அதற்கு நீச்சல்காரன் என்பவர் செய்த நாவி என்ற பிழைதிருத்தி இருக்கிறது, எழுத்துப் பிழைக்கு அவருடைய வாணி.

கடைசியாக ஒன்று. உங்கள் பதிவிலேயே ஒரு பிழை இருக்கிறது. ‘கெளரவம்’ என்று எழுதியிருக்கிறீர்கள். கண்ணால் பார்த்தால் தெரியாது. அந்த முதல் எழுத்துக்குப் பின்னால் கர்சரை வைத்து பேக்ஸ்பேஸை ஒரு தடவை தட்டிப் பாருங்கள்.

வில்லாபுரம் வாலு:

அண்ணே, ஸ்டிக்கரை உரிச்ச கூட்டத்துல நான் இல்ல. ஆனா எங்க வீட்டுக்கு வந்த ஒரு பூப்புனித நீராட்டு விழா பத்திரிகையில ‘சிற்றுண்டி’க்குப் பதிலா ‘சிற்றண்டி’ன்னு இருந்துச்சு. போய்ப் பார்த்தோம், டிபன் நல்லாத்தான் இருந்துச்சு.

தெப்பக்குளம் பொறியாளர்:

டீச்சர் சொன்னதோட ஒத்துப்போறேன், ஒரு எச்சரிக்கையும் சேர்த்துக்கிறேன். படிக்கச் சிரமமான எழுத்துருன்னா மூளை தானா உஷாராயிடும்னு ஒரு பேச்சு ரொம்ப நாளா ஓடுது. மெல்பர்னில் இருக்கிற ஆர்எம்ஐடி பல்கலைக்கழகத்தில் 2018-ல் ‘சான்ஸ் ஃபர்கெட்டிகா’ன்னு ஒரு ஆங்கில எழுத்துருவே இதுக்காகச் செஞ்சாங்க. இடப்பக்கமா சாஞ்சு, நடுவுல நடுவுல துண்டு விட்டுப்போன மாதிரி இருக்கும். படிச்சது நல்லா ஞாபகத்தில் நிக்கும்னாங்க. 2020-ல் வேற ஆய்வாளர்கள் சோதிச்சப்ப ஞாபகத்துக்கு அதனால பலன் எதுவும் தெரியலை. ஞாபகத்துக்கும் பிழை பார்க்கிறதுக்கும் வித்தியாசம் உண்டு, சரிதான். ஆனாலும் கோணல் எழுத்துருவா தேடி எடுத்துக் கண்ணைக் கெடுத்துக்க வேண்டாம். பழக்கம் இல்லாததா இருந்தாப் போதும், தெளிவு குறையக் கூடாது.

இதுக்கு நேர் உதாரணம் டிஸ்ட்ரிபியூட்டட் புரூஃப்ரீடர்ஸ் குழு. குட்டன்பர்க்ங்கிற இலவச மின்நூல் திட்டத்துக்குப் பழைய புத்தகங்களை மெய்ப்பு பார்க்கத் தொண்டர்கள் 2000-ல் தொடங்கினது. அவங்களுக்குன்னே ஒரு எழுத்துரு வச்சிருக்காங்க. அழகுன்னு யாரும் சொல்ல மாட்டாங்க. ஆனா அதில் சுழியமும் ஆங்கில ஓ-வும், ஒன்றும் சின்ன எல்-லும் பெரிய ஐ-யும் ஒண்ணுக்கொண்ணு குழம்பவே குழம்பாது. டீச்சர் கொம்புக்கும் காலுக்கும் சொன்ன அதே கணக்கு.

இப்ப அண்ணனுக்கு முக்கியமானது. நீங்க பத்திரிகையை யூனிகோடில் அடிச்சிருக்கீங்க, அதனால்தான் கவிவாணருக்கு மாத்த முடிஞ்சது. உங்க கடையில் பழைய பேஜ்மேக்கர் கோப்பெல்லாம் இருக்குமே, பாமினி, வானவில் மாதிரி யூனிகோடு இல்லாத எழுத்துருவில் அடிச்சது. அதில் போய் எழுத்துருவை மட்டும் மாத்தினா எல்லாம் கிறுக்கலாயிடும். அங்க எழுத்துரு மாறினா எழுத்தே மாறிடும். முதல்ல என்எச்எம் கன்வர்ட்டர் மாதிரி ஒண்ணில் யூனிகோடாக்கி, பிறகு மாத்தணும். அந்த மாற்றமே புதுப் பிழையைக் கொண்டுவரலாம். இணையத்தில் நிறைய இடத்தில் ‘வௌ்ளி’ன்னு வகரத்துக்குப் பின்னால் புள்ளி தனியா தொங்கிக்கிட்டு நிக்கும், பார்த்திருப்பீங்க. ஒற்றைக்கொம்பும் ளகரமும் சேர்ந்து வந்தா ஔகாரம்னு மென்பொருளா முடிவு பண்ணினதோட விளைவு. அதே காரணத்தால, டீச்சர் சொன்ன ‘கெளரவ’த்தைத் திருத்தறேன்னு மொத்தக் கோப்புக்கும் ஒரே கட்டளை கொடுத்துடாதீங்க. வெள்ளிக்கிழமை, தெளிவு, கெளுத்தி மீன் எல்லாம் சேர்ந்து கெட்டுடும். ஒவ்வொண்ணாப் பார்த்துத்தான் மாத்தணும்.

ஈய எழுத்து:

தம்பிக்கு வணக்கம். பேரன் ஃபோன்ல பேசப் பேச இது எழுதிக்கிது. தப்பு இருந்தா அவனைத் திட்டுங்க.

நான் மதுரை வடக்கு மாசி வீதிக்குப் பின்னால ஒரு சந்துல, அச்சாபீஸுல எழுத்துக் கோக்கற கம்பாசிட்டரா இருந்தவன். 1972-ல பதினஞ்சு வயசுல சேர்ந்தேன். ஈய எழுத்தை ஸ்டிக்குல கோக்கும்போது தலைகீழா, கண்ணாடியில தெரியற மாதிரித்தான் நிக்கும். ஆறு மாசம் படாதபாடு. அப்புறம் அதுதான் நேர், தாளுல பார்க்கறதுதான் கோணல்னு ஆகிப்போச்சு. உங்க பத்திரிகையை அப்படிக் கோத்துருந்தா ந-வைத் தூக்கும்போதே விரலு சொல்லியிருக்கும். எங்களுக்கும் தப்பு வரும், இல்லங்கல. கலைச்ச எழுத்தைத் திருப்பிக் கேஸுல போடையில மாத்திப் போட்டுட்டா, அடுத்தவன் பாக்காம எடுத்துக் கோத்துருவான்.

நீங்க எழுத்துருவை மாத்தறேங்கறீங்க. ஈயத்துல அது நடக்காது, மாத்தணும்னா மொத்தத்தையும் மறுபடி கோக்கணும். அதனால நாங்க ஆளை மாத்தினோம். ஒரு பையன் கையெழுத்துப் பிரதியை வச்சுக்கிட்டுச் சத்தமாப் படிப்பான், புள்ளி கமாவெல்லாம் சொல்லுவான். புரூஃபை வச்சுருக்கறவரு வாய் திறக்க மாட்டாரு, பென்சிலு மட்டும் ஓடும். அந்தப் பையனுக்கு அர்த்தம் புரியக் கூடாதுன்னு எங்க முதலாளி சொல்லுவாரு. புரிஞ்சா சேர்த்துப் படிச்சிருவானாம்.

ராத்திரி எட்டு மணிக்கு ஒரு கேதம்னு வந்து நிப்பாங்க. விடியறதுக்குள்ள போஸ்டர் செவத்துல இருக்கணும். அந்த நேரத்துல ஓய்வா உக்காந்து படிக்க முடியுமா? அதுக்கு மூணு பழக்கம் வச்சிருந்தோம். பேருங்களைக் கீழயிருந்து மேல படிக்கறது. தேதியையும் கிழமையையும் செவத்துல தொங்கற சிவகாசிக் காலண்டர்ல விரல் வச்சு ஒத்துப்பாக்கறது. மூணாவது, ஆகப் பெரிய எழுத்தைத்தான் மொதல்ல பாக்கறது. தப்பு எப்பவும் பெரிய எழுத்துலதான் உக்காரும், ஏன்னா அதை யாரும் படிக்கறதில்ல, பாக்கறதோட சரி. ‘அழைப்பிதழ்’ல ஒரு ப் விட்டுட்டு ஆயிரம் அடிச்சோம் ஒருவாட்டி. நானும் பாத்தேன், முதலாளியும் பாத்தாரு, பொண்ணு வீட்டுக்காரங்களும் பாத்துக் கையெழுத்துப் போட்டுட்டுப் போனாங்க. உங்களுதும் செகப்புல பெரிசாத்தானே இருந்துச்சு?

அக்கா மாமனாரை விட்டுறாதீங்க. அந்த மாதிரி ஆளு காசு குடுத்தாலும் கெடைக்காது.

திருமங்கலத்து மாமன்:

எல்லாருக்கும் நன்றி. பத்து நாள் கழிச்சு எழுதுறேன், கோவிச்சுக்காதீக.

டீச்சர், பேக்ஸ்பேஸ் தட்டிப் பார்த்தேன். ள மட்டும் போயி ‘கெ’ நின்னுச்சு. அப்புறம் ஔகாரம் வச்சுச் சரியா அடிச்சுத் தட்டுனேன், ஒரே தட்டுல ‘க’ மட்டும் மிச்சம். பதினாலு வருசமா எத்தனை கௌரவத்தைக் கெடுத்திருக்கேனோ. தமிழ்99-ல ஔ-க்குத் தனிச் சாவியே இருக்கு, கீழ்வரிசையில முத ஆளா. அதை நான் தொட்டதே இல்ல.

கள்ளிக்குடிப் பக்கத்து ஊருல இருந்து முளைப்பாரி நோட்டீஸ் ஒண்ணு வந்துச்சு. போன வருசக் கோப்பு வானவில்லுல கெடந்தது. பொறியாளர் தம்பி சொன்ன மாதிரி யூனிகோடாக்கி, புதுசா வேண்டியதை அடிச்சு, அரிமாவுல போட்டு, பத்தியை ஒடுக்கி எடுத்தேன். ரெண்டாவது வரியிலயே நின்னுட்டேன்: ‘மாபெரும் அன்னநானம்’. மறுபடியும் அதே சுண்டு விரலு! லதாவுல அடிச்சு முடிச்சப்ப அதை ரெண்டு தடவை படிச்சுச் சரின்னு வச்சிருந்தேன். ஆக, நாள் கழிச்சுப் பார்த்ததால மட்டும் இல்லன்னு நானே முடிவு பண்ணிக்கிட்டேன். இது அடிச்ச அன்னிக்கே ஆப்டுச்சு. இப்ப எந்த வேலை முடிஞ்சாலும் ந-வைப் போட்டுத் தேடி, நிக்கிற எடமெல்லாம் பார்த்துட்டுத்தான் பிரிண்ட் குடுக்குறேன்.

ஆனா பெரிசா மாட்டுனது ஐயா சொன்ன காலண்டர்லதான். போன வருசக் கோப்புல தேதியை மாத்துன நான் கிழமையை மாத்தல. எத்தனை எழுத்துரு மாத்தியிருந்தாலும் அது எனக்குத் தெரிஞ்சிருக்காது. நோட்டீஸ்ல இருக்கிற கிழமைக்கு ஊரு பூராம் முளைப்பாரியைத் தூக்கிட்டு வந்திருந்தா என்னைய அந்தக் கம்மாயிலயே கரைச்சிருப்பாக.

வர்ற ஆவணியில அக்கா வீட்டுல புதுமனை புகுவிழா. பத்திரிகையை நானே அடிக்கிறேன்னேன். அக்கா ஒண்ணும் சொல்லல. மாமா மட்டும், “அடி மாப்ள, அப்பா படிச்சுட்டுத் தருவாரு”ன்னாரு. பெரியவருக்குன்னு இருபது பாயிண்ட்ல அரிமாவுல ஒரு காப்பி எடுத்து வச்சிருக்கேன். ஞாயித்துக்கிழமை கொண்டுபோறேன்.